எக்ஸ்பிரஸ் அவென்யூவில் இருக்கும் ‘எக்ஸ்பிரஸ்’ எது? ‘தினமணி’ கைமாறிய கதை

சென்னையில் ‘இ.ஏ’ன்னு சொன்னா போதும், ஆட்டோக்காரர் ராயப்பேட்டையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். ஆனால், அந்தப் பெயரில் இருக்கும் ‘எக்ஸ்பிரஸ்’ ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அது ஒரு பத்திரிகை.

மால் வருவதற்கு முன்பு அந்த இடத்தின் பெயர் எக்ஸ்பிரஸ் எஸ்டேட். ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஆங்கில நாளிதழும், அதன் தமிழ்ச் சகோதரனான ‘தினமணி’யும் பல பத்தாண்டுகள் அங்கிருந்துதான் வெளிவந்தன. 90 வயதைத் தாண்டிய தினமணியின் கதையைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒரு பேப்பரின் பெயர் அப்படியே இருக்கும்; அதன் ஓனர், ஆசிரியர், ஆபீஸ் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும்.

பெயர் வைத்தது யார்?

தினமணி தொடங்கிய நாள் 1934 செப்டம்பர் 11, பாரதியார் நினைவு நாள். புதிய நாளிதழுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று போட்டி அறிவித்து, வாசகர்கள் அனுப்பியதிலிருந்து தேர்ந்தெடுத்த பெயர் இது. ‘தினமணி’ என்றால் சூரியன்.

பெயர் வாசகர் தந்தது. உரிமை? அது வேறு ரூட்டில் போனது.

முதல் ஓனர் யார்?

இதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிப் போகணும். 1932-ல் சென்னையில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கியவர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. காங்கிரஸ் தலைவர், மருத்துவர், ‘தமிழ்நாடு’ பத்திரிகையை நடத்தியவர். பணநெருக்கடி வந்ததும், ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நிறுவனர் எஸ். சதானந்திடம் எக்ஸ்பிரஸை விற்றுவிட்டார்.

தினமணியைத் தொடங்கியது இந்த சதானந்த்தான். அவருக்கும் அதே பிரச்சினை. பேப்பர் நடத்தக் காசு வேண்டும். அந்தப் பணத்தோடு உள்ளே வந்தவர் ராம்நாத் கோயங்கா. பிறந்தது பீகாரின் தர்பங்காவில், தொழில் செய்ய வந்தது சென்னைக்கு. முதலில் பணம் போட்டவராக வந்தவர், நீண்ட கோர்ட் சண்டைக்குப் பிறகு முழு உரிமையாளர் ஆனார். எக்ஸ்பிரஸும் தினமணியும் சதானந்தின் கையைவிட்டுப் போயின.

அதாவது, சில ஆண்டுகளுக்குள் எக்ஸ்பிரஸுக்கு மூன்று ஓனர்கள். தினமணிக்கு இரண்டு பேர்.

ஆசிரியர் வெளியேறினால் பேப்பர் என்ன ஆகும்?

தினமணியின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். ‘மணிக்கொடி’ இதழைத் தொடங்கிய மூவரில் ஒருவர். எளிய தமிழில் தலையங்கம் எழுதி தினமணிக்கு அடையாளம் கொடுத்தவர். அவருடைய ஆசிரியர் குழுவில் புதுமைப்பித்தனும் இருந்தார்.

1943-ல் சொக்கலிங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. அவர் ராஜினாமா செய்தார். கூடவே புதுமைப்பித்தன் உள்ளிட்ட பலரும் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு சொக்கலிங்கம் ‘தினசரி’ என்ற புதிய நாளிதழைத் தொடங்கினார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வாசகருக்குப் பழக்கமான எழுத்து ‘தினசரி’க்குப் போய்விட்டது. பழக்கமான பெயர் ‘தினமணி’யிலேயே இருக்கிறது. யார் ஜெயித்திருப்பார்கள்?

‘தினசரி’ சில ஆண்டுகளில் நின்றுபோனது. தினமணி இன்றும் வருகிறது. நல்ல பேனா இருந்தாலும் அச்சு இயந்திரம், காகிதம், விநியோகம் என்று எல்லாவற்றுக்கும் முதல் தேவை. அந்த முதல், ஓனர் பக்கம் இருந்தது.

ஆனால், ஓனர் மட்டும்தான் பேப்பர் என்றும் சொல்லிவிட முடியாது. சொக்கலிங்கத்துக்குப் பிறகு ஆசிரியரான ஏ.என். சிவராமன் 1987 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். ‘கணக்கன்’ என்ற பெயரில் பொருளாதாரத்தையும் விவசாயத்தையும் டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கும் புரிய வைத்தார். அவருக்குப் பின் வந்தவர், தமிழ்-பிராமி கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன். தினமணி என்றதும் மூத்த வாசகர்கள் சொல்வது இந்தப் பெயர்களைத்தான், கம்பெனி பெயரை அல்ல.

ஓனர் மீதே கை வைத்தால்?

1940-ல் எக்ஸ்பிரஸ் அலுவலகம் தீவிபத்தில் எரிந்தது. அப்போது கைகொடுத்தது போட்டி நாளிதழான ‘தி இந்து’. தான் அப்போதுதான் காலி செய்திருந்த மவுண்ட் ரோடு கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தது. பிறகு 1940களின் பிற்பாதியில், பிரிட்டிஷார் காலத்து மெட்ராஸ் கிளப் இருந்த வளாகத்தை கோயங்கா வாங்கினார். அதுதான் எக்ஸ்பிரஸ் எஸ்டேட். மாலை ஒட்டிய ‘கிளப் ஹவுஸ் ரோடு’ என்ற பெயர் அந்தக் காலத்தின் மிச்சம்.

தீயைவிடப் பெரிய சோதனை 1975-ல் வந்தது. நெருக்கடி நிலை. தணிக்கையை எதிர்த்து, ஜூன் 28 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்க இடத்தை வெற்றாக விட்டு அச்சடித்தது. அரசு என்ன செய்தது? நிருபர்களைத் தாண்டி, நேராக உரிமை இருக்கும் இடத்துக்கே போனது. நெருக்குதல் கொடுத்து எக்ஸ்பிரஸ் இயக்குநர் குழுவை மாற்றி அமைக்க வைத்தது. தொழிலதிபர் கே.கே. பிர்லா அதன் தலைவரானார்.

செய்தியைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு வரியையும் வெட்ட வேண்டியதில்லை. போர்டு ரூமைப் பிடித்தால் போதும்.

இப்போது தினமணி யாருடையது?

கோயங்காவின் ஒரே மகன் பகவான்தாஸ் 1979-லேயே இறந்துவிட்டார். 1991 அக்டோபரில் கோயங்காவும் காலமானார். அடுத்து வாரிசுச் சண்டை, வழக்கு, கடைசியில் 1990களின் பிற்பகுதிக்குள் சமரசம். வடக்கு, மேற்குப் பதிப்புகள் விவேக் கோயங்காவுக்கு. தென்மாநிலப் பதிப்புகளும் தினமணியும் இன்னொரு பேரனான மனோஜ் குமார் சொந்தாலியாவுக்கு. இரண்டு தரப்பும் ஒரே பெயரில் பேப்பர் போட முடியாது என்பதால், தெற்கில் வருவது ‘தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஆனது. தினமணியை வெளியிடும் கம்பெனியின் பெயர் எக்ஸ்பிரஸ் பப்ளிகேஷன்ஸ் (மதுரை).

பேப்பர் ஒரு பக்கம், மனை ஒரு பக்கம் என்று பிரிந்தன. ராயப்பேட்டை வளாகத்தில் 2010-ல் மால் திறக்கப்பட்டது.

உங்கள் பேப்பர் யாருடையது? கண்டுபிடிப்பது எப்படி?

இது தினமணிக்கு மட்டும் இல்லை, எந்த நாளிதழுக்கும் பொருந்தும்.

* கடைசிப் பக்கத்தின் அடிவரி: அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், எந்த நிறுவனத்துக்காக என்ற விவரங்கள் பொடி எழுத்தில் இருக்கும். 1867-ம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வழக்கம் இது.

* மார்ச் மாதத் தொடக்க இதழ்கள்: பழைய விதிகளின்படி, பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் ‘படிவம் 4’ வெளியிட வேண்டும். உரிமையாளர்களோடு, மூலதனத்தில் 1 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களின் பெயரும் அதில் இருக்கும். பழைய இதழ்களைப் புரட்டினால் கிடைக்கும்.

* புதிய சட்டம்: 1867 சட்டத்தின் இடத்தில் 2023-ம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. பதிவு வேலைகள் ஆன்லைனுக்கு மாறியுள்ளன.

போனில் செய்தி படிக்கும்போது இந்த அடிவரி கண்ணில் படுவதில்லை. தலைப்பு, படம், ஷேர் பட்டன், அவ்வளவுதான். அடுத்த முறை வீட்டில் அப்பா படித்துவிட்டு மடித்து வைக்கும் பேப்பரை எடுத்தால், கடைசிப் பக்கத்தின் அடியை ஒருமுறை பாருங்கள். செய்தி யார் எழுதியது என்பது மேலே இருக்கும். யாருடைய காசில் அச்சானது என்பது அங்கேதான் இருக்கும்.