மூத்த கை இளைய கையைப் பற்றும் காலம்

நுங்குக் காலம் முடிந்துவிட்டது. பங்குனி தொட்டு நம்மை வாட்டிய வெயில் சற்றே தணிய, மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. கொல்லிமலையின் முடியில் மேகம் தங்குகிறது. கோடையின் இக்கடைசி நாள்களில் நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு நாழிகை நின்று பார்ப்போமானால், இவ்வட்டாரத்தின் வாழ்வு முழுவதையும் அங்கே கண்டுவிடலாம்.

ஒவ்வொரு பேருந்திலிருந்தும் பெட்டிகள் இறங்குகின்றன. சுருட்டிய பாய், புதிய பிளாஸ்டிக் வாளி, முறுக்கு நிரம்பிய டப்பா. அவற்றின் நடுவே மிரண்ட கண்களோடு ஒரு பிள்ளை. நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் ஆகிய ஊர்களின் விடுதிப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். வியப்பு யாதெனில், இவ்வூர் ஆடவர்களுள் பலர் லாரியோடும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடும் வடநாடு செல்கின்றனர். வெளியூர்ப் பிள்ளைகளோ இவ்வூருக்குள் வருகின்றனர். முட்டையும் லாரியும்போல் கல்வியும் இங்கே ஊர்த் தொழிலாகிவிட்டது. பாய்க்கடை, சலவைக்கடை, உணவுக்கடை யாவும் இம்மாணவர்களை நம்பியே இருக்கின்றன.

“நேரத்துக்குச் சாப்பிடு சாமி” என்று சொல்லும் தாயின் குரல் பாதியில் உடைகிறது. தந்தை வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார். விற்ற நிலமும், அடகு வைத்த நகையும், வாங்கிய கடனும் அவர் நெஞ்சில் கனக்கின்றன. பேருந்து புறப்பட்டபின் அப்பிள்ளைக்கு யார் துணை? இக்கேள்வியே நம்மை எழுதத் தூண்டியது.

கடற்கரையில் ஒரு கல்வி நகர்

தொலைதூரத்தில், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் இதே காட்சி ஆண்டுதோறும் நிகழ்கிறது. புனித அந்திரேயாவின் பெயர் தாங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒரு சிற்றூர்தான். ஆயினும் அங்குள்ள பல்கலைக்கழகம் 1413-ஆம் ஆண்டு தோன்றியது. ஆகஸ்டு மாதம் அவ்வூர்த் தெருக்களில் லாமாஸ் சந்தை கூடும்; ராட்டினங்கள் சுழலும்; கோல்ப் ஆட வந்த பயணிகள் நிறைந்திருப்பர். நம் மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை நிறைவதுபோல் என்று கொள்ளலாம். செப்டம்பரில் பயணிகள் குறைய, மாணவர்கள் பெட்டியோடு வந்திறங்குவர். கடற்காற்றில் சிவப்புக் கம்பளி அங்கிகள் படபடக்கும்.

அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. மூத்த மாணவர்கள் புதியவர்களைத் தம் “பிள்ளைகளாக” ஏற்றுக்கொள்வர். மூத்த மாணவி ஒருத்தி தாய்; மூத்த மாணவன் ஒருவன் தந்தை. ஊரைக் காட்டுவதும், ஐயம் தீர்ப்பதும், வீட்டு நினைவால் வாடுவோரைத் தேற்றுவதும் அவர்கள் பொறுப்பு. முற்காலத்தில் இப்பிள்ளைகள் நன்றியாக ஒரு பவுண்டு உலர்திராட்சை கொடுப்பது வழக்கம். இன்று அவ்விழா நாள்களில் குடி மிகுகிறது என்னும் கண்டனமும் எழாமல் இல்லை. குறையை நீக்கி, குணத்தைக் கொள்வோம்.

நம் திண்ணையிலிருந்து சென்ற பாடம்

மூத்தவர் இளையவருக்குத் துணையாகும் இப்பண்பு நமக்குப் புதியதன்று. அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் முடிதிருத்துபவர் ஒருவரின் மகனாக 1753-இல் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்களின் போக்கு அவருக்கு நிறைவு தரவில்லை. ஒருநாள் வழியில் நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் மணலைப் பரப்பச் செய்தார். எழுத்தறிந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறியோருக்குக் கற்பிக்க அமர்த்தினார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணியும் இத்தகையதே அன்றோ!

1797-இல் பெல் இம்முறையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். “சென்னை முறை” என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 1832-இல் அவர் இறந்தபின், அவர் விட்டுச் சென்ற பொருளால் அவருடைய ஊரிலேயே ஒரு பள்ளி எழுந்தது. “மெட்ராஸ் கல்லூரி” என்னும் பெயருடன் அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. நம் தெருத்திண்ணையின் நினைவு ஒரு வடகடலோரத்தில் நிலைத்திருக்கிறது!

போட்டியா, துணையா?

அவர்களுக்குக் கொடுத்த பாடத்தை நாம் மறந்தோமோ என்று அஞ்சவேண்டியிருக்கிறது. மூத்தவர் இளையவரைத் துன்புறுத்தும் கொடுமை ஒரு மருத்துவ மாணவரின் உயிரையே 1996-இல் பறித்தது. அதன்பின் 1997-இல் தமிழகம் அதற்கெதிராகத் தனிச் சட்டம் இயற்றிற்று. சட்டம் கையைத் தடுக்கும். அன்பு செய்யுமாறு அதனால் கட்டளையிட இயலாது.

மற்றொரு நோய் மதிப்பெண் போட்டி. மாநிலத்தில் முதலிடம் என்று மாணவர் படத்தைச் சுவரெங்கும் ஒட்டிய காலம் ஒன்றிருந்தது. அந்த வரிசைப் பட்டியலை அரசு 2017-இல் நிறுத்தியது. அதே ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வு வந்தது. போட்டி வேறு வடிவம் கொண்டது. அருகில் அமர்ந்திருப்பவன் தோழனல்லன், எதிரி என்று கருதும் பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றும் என்ன பயன்?

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. அன்று பேருந்து நிலையத்தில், தனித்து நின்ற ஒரு சிறுவனிடம் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். “எந்த ஊரு தம்பி? பெட்டியைக் குடு, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்” என்றான். சிறுவன் முகம் மலர்ந்தது. கொடுத்தது பெட்டியை மட்டுமா? பாதிப் பயத்தையும் கொடுத்துவிட்டான்.

பெற்றோரே! “முதல் மாணவனாக வா” என்று சொல்லி அனுப்பும்போது, “உனக்குப் பின்னால் வருபவனுக்கும் சொல்லிக்கொடு” என்றும் கூறி அனுப்புங்கள். ஊராரே! வாடகையும் விலையும் பெறுவதோடு நில்லாமல், அப்பிள்ளைகள் உண்டார்களா என்றும் கேளுங்கள். மூத்த மாணவர்களே! நீங்களும் ஒருநாள் வாளியும் பாயுமாக இங்கே இறங்கியவர்கள்தாம். ஆடிக்காற்று அடிக்கும் இந்நாளில், புதிதாய் வந்திறங்கும் ஓர் இளைய கையைப் பற்றிக்கொள்ளுங்கள்.