கொல்லி முழவும் காதொலிப்பானும்

நுழையும்முன்

இசையும் பேச்சும் இன்று பெரும்பாலும் காதொலிப்பான் வழியாகவே இளையோரின் செவிகளை அடைகின்றன. மக்கள் வழக்கில் ‘ஹெட்போன்’ எனப்படும் இக்கருவியின் ஒலி மங்கும்போது, புதியதொன்றை வாங்குவதே தீர்வு என்று பலரும் எண்ணுகின்றனர். ஒலியின் பயணத்தில் எந்த இடத்தில் குறை நேர்கிறது என்பதை அறிந்தால், சிறு செலவிலேயே பெரும் திருத்தம் காண இயலும். அந்த அறிவு செவித்திறனையும் காக்கும்.

மலையில் எழுந்த இசை

நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் மலையாகும். அவனை வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடல், அவனது வில்லாற்றலுக்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறது. அதே பாடலில் ஓர் இசைக்குழுவே இடம்பெற்றிருக்கிறது என்பது அத்துணை கவனம் பெறுவதில்லை. மண் பூசிய முழவு, பண் அமைந்த யாழ், களிற்றின் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, ஒரு முகத்தை மட்டும் மெல்லென இயக்க வேண்டிய பதலை எனக் கருவிகள் அப்பாடலில் அணிவகுக்கின்றன.

இக்கருவிகள் எழுப்பும் ஒலிகள் ஒரே தன்மையின அல்ல. முழவின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் நெஞ்சை அதிரச் செய்வது. யாழின் நரம்பொலி, விரல் பட்ட கணத்தில் கூர்மையாக எழுந்து மெல்லத் தேய்வது. மெல்லென இயக்கப்படும் பதலையின் ஒலியோ அமைதியான பின்னணி இருந்தாலன்றிச் செவிக்கு எட்டாதது. இத்தகைய குழுவின் இசையை இன்று பதிவுசெய்து காதொலிப்பானில் கேட்பதாகக் கொண்டால், மூன்று வினாக்கள் எழுகின்றன. யாழின் கூர்மை குன்றாமல் வருகிறதா? பதலையின் மென்மை இரைச்சலில் மூழ்காமல் தப்புகிறதா? முழவின் ஆழம் முழுமையாகச் செவியை அடைகிறதா? முதல் வினாவிற்கு மாற்றியும், இரண்டாவதற்கு மின்வழங்கியும், மூன்றாவதற்குக் காதுமெத்தையும் பெரிதும் பொறுப்பேற்கின்றன.

காதொலிப்பான் வந்த வழி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் என்பவர், 1910ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய காதொலிப்பான்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கிப் பயன்படுத்தியது. கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலிகளைக் கேட்பதே அன்றைய தேவை. 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இயங்குசுருள் வகைக் காதொலிப்பானை வெளியிட்டது. 1958இல் ஜான் கோஸ், இரு செவிகளுக்கும் வெவ்வேறு ஒலியை அளிக்கும் ஸ்டீரியோ காதொலிப்பானை அறிமுகப்படுத்தினார். செய்தி கேட்கும் கருவியாகப் பிறந்தது, இசை கேட்கும் கருவியாக வளர்ந்த வரலாறு இது.

இயங்குசுருள் வகையின் அமைப்பு எளியது. மெல்லிய சவ்வு ஒன்றில் கம்பிச்சுருள் பொருத்தப்பட்டு, காந்தப் புலத்தினுள் வைக்கப்படுகிறது. சுருளில் பாயும் மின்னோட்டம் மாறும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. முழவின் தோலும் இச்சவ்வும் ஒருவகையில் உறவினர்களே.

மாற்றி: எண்கள் ஒலியாகும் இடம்

கைப்பேசியிலோ கணினியிலோ சேமிக்கப்பட்டுள்ள இசை, எண்களின் நீண்ட வரிசையாகும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு நொடி இசை, ஒவ்வொரு தடத்திற்கும் 44,100 எண்களாகப் பதிவாகிறது. ஒவ்வோர் எண்ணும் 16 பிட் அளவுடையது. எனவே 65,536 நிலைகளுள் ஒன்றை அது குறிக்கும். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. ஓர் அலையை முழுமையாக மீட்க வேண்டுமெனில், அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கும் மேலான எண்ணிக்கையில் மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் கோட்பாடு. 44,100 என்னும் அளவு இவ்விதிக்கு உட்பட்டே அமைந்தது.

இவ்வெண்களை மீண்டும் தொடர்ச்சியான மின்னலையாக ஆக்குவதே டிஜிட்டல்–அனலாக் மாற்றியின் பணி. மாற்றியிலிருந்து வெளிவரும் அலை படிக்கட்டுப் போல் உடைந்திருக்கும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. மாற்றியின் இறுதியில் உள்ள வடிப்பான், தேவையற்ற உயர் அதிர்வெண்களை நீக்கி அலையை வழவழப்பாக்கிவிடுகிறது. மாற்றியின் தரம் வேறு இடங்களில் வெளிப்படுகிறது. எண்களைப் படிக்கும் கடிகாரம் சீராகத் துடிக்க வேண்டும்; வடிப்பான் செவ்வனே இயங்க வேண்டும்; அதனையடுத்துள்ள பெருக்கி, காதொலிப்பானுக்குத் தேவையான மின்திறனை அலையின் வடிவம் கெடாமல் வழங்க வேண்டும்.

இவற்றுள் ஒன்று பிறழ்ந்தாலும் ஒலியின் சாயல் மாறும். காதொலிப்பானின் மின்தடுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக இராது. பெருக்கியின் வெளியீட்டு மின்தடுப்பு மிகுதியாக இருப்பின், சில அதிர்வெண்கள் ஓங்கியும் சில தாழ்ந்தும் ஒலிக்கும். ஆகவே பெருக்கியின் மின்தடுப்பு, காதொலிப்பானின் மின்தடுப்பில் எட்டில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது தொழில்வல்லோர் கைக்கொள்ளும் கணக்கு. 32 ஓம் காதொலிப்பானுக்கு 4 ஓம் என்பது அதன் எல்லை.

இக்கால மாற்றிகள் மலிவு விலையிலும் நற்தரத்துடன் கிடைக்கின்றன. ஏற்கெனவே நன்கு இயங்கும் மாற்றியை விலை மிகுந்த மற்றொன்றால் மாற்றுவதால் செவிக்குப் புலப்படும் வேறுபாடு மிகச் சிறிதே. இருக்கும் கருவியில் இரைச்சலோ, திறன் குறைவோ இருப்பின் மட்டுமே தனி மாற்றி பெரும் பயன் தரும்.

மின்வழங்கி: அமைதியின் அடித்தளம்

இந்திய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை அலைவது. ஒலிக்கருவிகளுக்குத் தேவைப்படுவதோ நேர்திசை மின்சாரம். மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைக்க, முழு அலைதிருத்தி திசையை ஒழுங்குபடுத்த, மின்தேக்கி ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய, சீரமைப்பான் மின்னழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. இப்பணியில் குறை நேரின், முழு அலைதிருத்தியில் எஞ்சும் ஏற்ற இறக்கம் நொடிக்கு 100 முறை துடித்து, ரீங்காரமாகச் செவியில் விழும். 100 ஹெர்ட்ஸ் என்பது ஆண்குரலும் முழவொலியும் உலவும் பகுதியாதலால், அந்த ரீங்காரம் அவற்றோடு கலந்து தெளிவைக் கெடுக்கிறது.

இதன் இழப்பை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் அளவுக்கு ஒலியின் வீச்செல்லையை விரிக்கிறது. 16 பிட் பதிவு ஏறத்தாழ 96 டெசிபல் எல்லையை உடையது. மின்வழங்கியின் இரைச்சல், மிக உரத்த ஒலிக்கு 60 டெசிபல் கீழே நிற்பதாகக் கொண்டால், அதற்கும் கீழேயுள்ள மெல்லொலிகள் பெரும்பாலும் அந்த இரைச்சலில் மறையும். 16 பிட் பதிவு அப்போது ஏறத்தாழ 10 பிட் பதிவின் பயனையே தரும். எத்துணை உயர்ந்த மாற்றியை வாங்கினாலும் தூய மின்சாரம் இல்லையேல் அதன் உயர்வு வெளிப்படாது என்பதற்கு இதுவே காரணம்.

நோயைக் கண்டறியும் வழியும் எளிதே. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்கும்போது ரீங்காரம் மறைந்தால், குறை மின்னேற்றியிலோ, இரு கருவிகள் இருவேறு வழிகளில் நிலத்தொடர்பு பெறுவதால் உண்டாகும் மின்சுற்றிலோ உள்ளது என அறியலாம். கருவிகள் அனைத்தையும் ஒரே மின்பலகையில் இணைப்பது பல வேளைகளில் அதனைத் தீர்க்கும். ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்வோர் மின்கலத்தை விரும்புவதற்கு, அது எடுத்துச் செல்ல எளிது என்பதோடு அதன் தூய்மையும் காரணமாகும்.

காதுமெத்தை: ஆழத்தின் காவல்

காதொலிப்பானில் மிக எளியதாகத் தோன்றும் உறுப்பு காதுமெத்தை. ஆயினும் தாழ்ந்த ஒலிகளின் வாழ்வு அதனிடத்தேதான் உள்ளது. சிறு சவ்வு, திறந்த வெளியில் தாழ்ந்த அதிர்வெண்ணை உரக்க எழுப்ப இயலாது. செவியைச் சூழ்ந்து மெத்தை காற்றை அடைத்து வைப்பதால், சவ்வின் சிறு அசைவும் அச்சிற்றறையில் போதிய அழுத்தத்தை உண்டாக்குகிறது. மெத்தை தேய்ந்து இடைவெளி விழுந்தால் அழுத்தம் கசிந்து, முதலில் மறைவது முழவின் ஆழமே. மூக்குக் கண்ணாடியின் காம்பும், இடையில் சிக்கிய கூந்தலும்கூட இக்கசிவை உண்டாக்கும்.

செயற்கைத் தோல் மெத்தை காற்றை நன்கு அடைக்கும். ஆயின் வியர்வையால் நாளடைவில் உரியும். வெல்வெட் போன்ற துணி மெத்தை குளிர்ச்சி தரும். ஆயின் சிறிது காற்றைக் கசியவிடும். மெத்தையின் தடிமன் மாறினால் சவ்விற்கும் செவிக்கும் உள்ள தொலைவு மாறி, உயர்ந்த ஒலிகளின் சாயலும் மாறும். ஆதலால் பழைய மெத்தைக்கு மாற்றாக, அதே வடிவும் தடிமனும் பொருளும் உடைய மெத்தையையே தேர்தல் வேண்டும். ஈரத் துணியால் அவ்வப்போது துடைத்து உலர்த்துவது அதன் ஆயுளை நீட்டிக்கும்.

முழவு மண் கற்பிக்கும் பாடம்

மெல்லிய ஒரு பூச்சு ஒலியை எவ்வளவு மாற்றும் என்பதற்கு முழவே சான்று. வெறும் வட்டத் தோலின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு இசைந்து நில்லா. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1920இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரையிலும், 1934இல் விரிவான ஆய்விலும், மிருதங்கத்தின் தோலில் இடப்படும் கரும்பூச்சு அம்மேற்சுரங்களை ஒத்திசைவு உடையனவாக ஆக்குவதை விளக்கினார். கருவி செய்வோர் செவியால் அறிந்திருந்ததை அறிவியல் அளந்து காட்டியது. மிருதங்கத்தை மிருதங்கமாக அடையாளம் காட்டுவன இந்த மேற்சுரங்களே. அவற்றைச் சிதைக்காமல் செவியில் சேர்ப்பதே காதொலிப்பானின் கடமை.

இசைக்கு மட்டும் உரிய கடமையன்று இது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் போன்ற மக்களின் வாய்மொழி வழக்குகளை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தில் வடிப்போர், ஒரு சொல்லில் வருவது லகரமா, ளகரமா, ழகரமா என்பதைக் காதொலிப்பானை நம்பியே முடிவுசெய்கின்றனர். இவ்வொலிகளின் வேறுபாடு அவற்றின் மேலதிர்வுகளின் அமைப்பில் உள்ளது. இரைச்சல் அதனை மறைத்தால் ‘வாளை’ ‘வாழை’யாகும், மீன் மரமாகிவிடும். முதியவர் ஒருவரின் மறைவுக்குப் பின் அவர் குரலுக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு பதிவு எனில், அப்பிழையைத் திருத்த எவரும் இரார்.

செவியே முதற்கருவி

கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு அருகில் நின்று பாடல் கேட்க விழைபவர், அருவியின் பேரொலியை வெல்ல ஒலியளவைக் கூட்டிக்கொண்டே செல்வார். நகரப் பேருந்தில் செல்பவரும் அவ்வாறே செய்கிறார். நன்கு பொருந்திய காதுமெத்தை புறவொலியைக் குறைப்பதால், குறைந்த ஒலியளவிலேயே பாடல் தெளிவாகும். உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த வரையறையின்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரையிலும், சிறுவர்கள் அதே நேரம் 75 டெசிபல் வரையிலும் கேட்கலாம். ஒலியளவு 3 டெசிபல் உயரும்போதெல்லாம் கேட்கத் தகும் நேரம் பாதியாகும். பெரியவர்க்கு 83 டெசிபலில் 20 மணி, 86 டெசிபலில் 10 மணி மட்டுமே. உட்செவியிலுள்ள மயிர்ச்செல்கள் அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. மாற்றியை மாற்றலாம்; மெத்தையை மாற்றலாம்; செவியை மாற்ற இயலாது.

தேர்ந்து தெளிதல்

ஒலியைத் திருத்த விரும்புவோர் எளியதிலிருந்து தொடங்குதல் நன்று. முதலில் காதுமெத்தையின் பொருத்தத்தையும், அடுத்து மின்வழங்கியின் தூய்மையையும், இறுதியில் மாற்றியின் தரத்தையும் ஆராய வேண்டும். இரு கருவிகளை ஒப்பிடும்போது ஒரே பதிவை ஒரே ஒலியளவில் கேட்பது இன்றியமையாதது. சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. ஒலிப்பது எக்கருவி என அறியாமல் கேட்டுத் தீர்மானித்தால், விலையும் விளம்பரமும் தீர்ப்பைத் திரிக்கமாட்டா. பலமுறை கேட்டும் வேறுபாடு புலப்படாவிடின், அப்பொருளுக்குச் செலவிடத் தேவையில்லை என்பதே அந்தச் சோதனையின் முடிவாகும்.

முழவுக்கு மண் பூசி, யாழுக்குப் பண் நிறுத்தி, பதலையை மெல்லென இயக்கிய பழந்தமிழ்ப் பாணர், ஒவ்வொரு கருவியையும் அதன் இயல்பறிந்து கையாண்டனர். எண்களிலிருந்து இசை பிறக்கும் இக்காலத்திலும் காதொலிப்பானின் இயல்பறிந்து பயன்படுத்துவோர்க்கே நல்லிசை வாய்க்கும்.