மலைப்பாம்பின் வண்ணங்கள்

மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும் சிறிய மலைப்பாம்பு ஒன்று வாழ்கிறது. அஞ்சும்போது அது பெரும்பாலும் சீறுவதில்லை. தலையை உள்ளே பொதிந்துகொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். அதனால் பந்து மலைப்பாம்பு எனப் பெயர் பெற்றது. பெனின் நாட்டின் விடா நகரில் அதற்குக் கோயிலும் உண்டு. கரும்பழுப்பு உடலில் வெளிர்பழுப்புத் திட்டுகள் படர்ந்த தோல், சருகும் புழுதியும் கலந்த நிலத்தில் அதனை இரையின் கண்ணுக்கும் பகையின் கண்ணுக்கும் மறைக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ப்போரிடம் இதே பாம்பு வெண்மை, பொன்மஞ்சள், சாம்பல் எனப் பல நிறங்களில் காணப்படுகிறது. இவை வேறு இனங்கள் அல்ல. மரபணுவில் நேர்ந்த சடுதிமாற்றங்களின் விளைவுகள். காட்டில் வெண்ணிறக் குட்டி பிறந்தால் பருந்தின் கண்ணுக்கு எளிதில் தப்பாது. வளர்ப்போர் கையிலோ அதுவே விலைமதிப்புடையதாகிறது.

1992இல் அமெரிக்கர் ஒருவரின் வளர்ப்பகத்தில் வெளிறிய பந்து மலைப்பாம்புக் குட்டிகள் முட்டையிலிருந்து வெளிவந்தன. தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் அவற்றில் இல்லை. மஞ்சள் நிறமி மட்டும் எஞ்சியதால் வெண்மையில் மஞ்சள் திட்டுகள் தோன்றின. கண்கள் சிவந்திருந்தன. இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாற்றமுற்ற மரபணுவைப் பெற்ற குட்டியே வெளிறும். ஒரு படியை மட்டும் பெற்றது இயல்பான நிறத்தோடு, அப்பண்பை உள்ளே மறைத்து வாழும்.

மறைத்து வாழும் இரண்டு பாம்புகளை இணைசேர்த்தால் நான்கில் ஒன்று வெளிறியதாகப் பிறக்கும் என்பது மெண்டலின் கணக்கு. முட்டைகள் அக்கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு பிறப்பதில்லை. ஆறு முட்டைகள் இட்டால், ஆறிலும் ஒன்றுகூட வெளிறாமல் போகும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 18. இயல்பான நிறமுடைய உடன்பிறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அப்பண்பைச் சுமப்பவை. எவை சுமக்கின்றன என்பதைத் தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. ஆகவே அவற்றை விற்போர் 66 விழுக்காடு எனக் குறித்து விற்கின்றனர். வாங்குபவர் விலை கொடுப்பது பாம்புக்கு மட்டுமன்று, நிகழ்தகவுக்கும்தான்!

எல்லா நிறங்களும் இவ்வாறு மறைந்திருப்பதில்லை. பாஸ்டல் என்னும் வகையில் ஒரு படி இருந்தாலே மஞ்சள் மிகும். இரண்டு படிகள் சேர்ந்தால் நிறம் மேலும் வெளிறி ஒளிரும். அந்திமந்தாரையில் சிவப்பும் வெள்ளையும் கலந்து இளஞ்சிவப்புப் பூப்பதை ஒத்தது இது.

2022இல் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நிறங்களின் மரபணுக்களைத் தேடினர். அதற்கு ஊசியோ குருதியோ தேவைப்படவில்லை. வளர்ப்போர் அனுப்பிய பாம்புச் சட்டைகளிலேயே டி.என்.ஏ. இருந்தது. மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குரிய மரபணுவில் ஏற்பட்ட பிழையே வெளிறலுக்குக் காரணம் எனக் கண்டனர். மனிதரிடம் காணப்படும் வெண்தோல் நிலை ஒன்றுக்கும் இதே மரபணுவே காரணம்.

வெளிறிய பாம்பு இழந்தது பெரும்பாலும் கருமையை மட்டுமே. ஸ்பைடர் வகையின் கதை அத்தகையதன்று. சிலந்தி வலை இழைபோல மெல்லிய கருங்கோடுகள் ஓடும் இவ்வகை 1999இல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒரு பாம்பின் வழித்தோன்றல். ஒரு படியே அழகைத் தருகிறது. அந்த ஒரு படியே நடுக்கத்தையும் தருகிறது. தலை ஆடும், கழுத்து திருகும், இரையைக் குறிபார்த்துத் தாக்கினால் குறி தவறும், சில பாம்புகள் மல்லாந்து கிடக்கும். ஒன்றில் இது மிகுதியாகவும் மற்றொன்றில் புலப்படாத அளவிலும் இருக்கலாம்.

நடுக்கத்தை நீக்கி நிறத்தை மட்டும் காக்க வளர்ப்போர் பல தலைமுறை முயன்றனர், இயலவில்லை. 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஸ்பைடர் பாம்புகளின் உட்செவியில் சமநிலை காக்கும் அரைவட்டக் குழல்கள் உருக்குலைந்திருப்பதைக் காட்டியது. பாம்புக்குப் புறச்செவி இல்லை, உட்செவி உண்டு. நிறமிச் செல்கள் கருவில் நரம்புக் குழாயின் முகட்டிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அவற்றுள் சில உட்செவியையும் அடைகின்றன. நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாயிருப்பதை டார்வினும் எழுதியிருந்தார். தோலும் செவியும் தொலைவில் உள்ளவை என்பது நம் கண்ணின் கணக்கு. கருவின் கணக்கு வேறு.

பிரிட்டனில் ஊர்வன விற்பனை நடைபெறும் சில இடங்களில் ஸ்பைடர் வகைக்கு இடமில்லை. பிற இடங்களில் வணிகம் தொடர்கிறது. ஸ்பைடரும் பாஸ்டலும் இணைந்து பிறக்கும் மஞ்சள் குட்டிக்குப் 'பம்பிள்பீ' என்று இனிய பெயர் சூட்டியுள்ளனர். அதன் தலையும் ஆடுகிறது.