சீனிக்குப் பதில் என்ன?

பொழுது விடியுமுன், பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில், தோட்டத்து வீடுகளில் முதலில் கொதிப்பது தேநீரே. அந்த ஒரு குவளையை நம்பித்தான் பால்வெட்டு வேலை தொடங்குகிறது. ஆகவே, வீட்டில் ஒருவருக்கு 'இனிப்புநீர்' என்று நாம் வழங்கும் நீரிழிவு நோய் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னதும், வீட்டாருக்கு எழும் முதற் கேள்வி, "இனித் தேநீருக்கு என்ன செய்வது?" என்பதாகவே இருக்கும். சீனிக்குப் பதிலாகக் கடையில் சிறு மாத்திரைகளும் தூளும் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கலாமா? வாங்கினால் எவ்வாறு பயன்படுத்துவது? இவற்றை இங்கு விளக்குவோம்.

இக்கவலை ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு ஆறு பேரில் ஒருவர் என்று காணப்பட்டது. அதுவும் சிறிய எண்ணிக்கை அன்று.

எது மாற்று, எது மாற்று அன்று?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "வெள்ளைச் சீனிதான் கெடுதல், கருப்பட்டியும் தேனும் நல்லவை" என்று பலர் கூறுவர். கருப்பட்டி, குலா மலாக்கா, வெல்லம், பழுப்புச் சீனி, தேன் ஆகிய யாவும் சீனியின் வேறு வடிவங்களே. இவற்றுள் எதைச் சேர்த்தாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். நிறமும் மணமும் மாறினவேயன்றிக் குணம் மாறவில்லை.

அடுத்தது டின் பால். இனிப்பான கட்டிப் பாலில் ஏறத்தாழப் பாதி சீனியே. ஒரு மேசைக் கரண்டிப் பாலில் இரண்டு தேக்கரண்டிச் சீனி மறைந்திருக்கிறது எனலாம். குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளொன்றுக்கு மூன்று குவளை அருந்துவோர், பன்னிரண்டு தேக்கரண்டிச் சீனியைத் தேநீரில் மட்டும் உட்கொள்கின்றனர். தினமும் 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் சீனியைக் குறைத்துக்கொண்டால் மேலும் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. நலமாக இருப்பவர்களுக்கே இந்த அளவு!

சில வீடுகளில் சீனியை நிறுத்தி, மாற்று மாத்திரையைப் போட்டு, பழக்கத்தால் டின் பாலையும் ஊற்றிவிடுகின்றனர். இதனால் பயன் ஒன்றுமில்லை. இனிப்புச் சேர்க்காத பாலையோ பால்மாவையோ சிறிதளவு பயன்படுத்தினாலன்றி மாத்திரை வாங்கிய காசு வீணே.

கடையில் கிடைக்கும் உண்மையான மாற்றுகள் சில:

சாக்கரின்: 1879இல் கண்டுபிடிக்கப்பட்டது. சீனியைவிட ஏறக்குறைய 300 மடங்கு இனிப்பது. கூடுதலாகச் சேர்த்தால் நாவில் கசப்புத் தங்கும்.

அஸ்பர்டேம்: ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பது. சூட்டில் நெடுநேரம் இருந்தால் இனிப்புக் குறையும். ஆதலால் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும். 'பினைல்கீட்டோனூரியா' என்னும் பிறவிக் குறை உடையவர்கள் இதனைத் தொடலாகாது.

சுக்ரலோஸ்: ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பது. கொதிக்கும் பானத்திலும் இனிப்பு மாறாது.

ஸ்டீவியா: தென் அமெரிக்காவில் தோன்றிய ஒரு செடியின் இலையிலிருந்து பிரித்தெடுப்பது. சிலருக்கு இதன் பின்சுவை அதிமதுரத்தை நினைவூட்டும்.

வீட்டில் செய்து பார்க்கும் முறை

முதலாவதாக, இப்பொழுது எவ்வளவு சீனி செலவாகிறது என்று ஒரு நாள் முழுதும் அளந்து பார்க்க வேண்டும். நாமாகவே கரண்டியால் எண்ணினால்தான் உண்மை புலப்படும்.

இரண்டாவதாக, பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். மாற்றுத் தூளின் அளவைக் கூட்டுவதற்காக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பதுண்டு. இவையும் சர்க்கரையை ஏற்றுபவையே. சிறு உறை ஒன்றில் இருக்கும் அளவு சொற்பம். ஆனால் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடலாகாது.

மூன்றாவதாக, இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி வீட்டிலிருந்தால் அதனையே ஆசிரியராகக் கொள்ளலாம். ஒரு நாள் வழக்கமான தேநீருடன் பசியாற வேண்டும். மறுநாள் அதே உணவை, அதே அளவில், மாற்றுச் சேர்த்த தேநீருடன் உண்ண வேண்டும். இரு நாளும் உண்ணுமுன் ஒரு முறையும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளந்து எழுதிவைத்தால் வேறுபாடு தெரியவரும். அந்தத் தாளை அடுத்த முறை கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுதல் நன்று.

நான்காவதாக, இனிப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்துவர வேண்டும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். மாற்றே தேவையின்றிச் சீனியில்லாத தேநீரை விரும்பி அருந்துவோர் பலர் உண்டு.

தேநீரில் மிச்சப்படுத்தியதைச் சோற்றில் ஈடுசெய்துவிடக் கூடாது. தீபாவளிக் கேசரியில் சுக்ரலோஸ் சேர்த்தாலும் ரவை ரவைதான். பாயசத்தில் சவ்வரிசி சவ்வரிசிதான். அவை உடலில் சர்க்கரையாகவே மாறும். 'சீனி இல்லை' என்று அச்சிட்ட பிஸ்கட்டும் மாவினால் ஆனதே.

இவற்றால் கெடுதல் உண்டா?

2023இல், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அஸ்பர்டேம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்னும் ஐயத்துக்குரிய பட்டியலில் அதனைச் சேர்த்தது. சான்று குறைவு என்பதையும் அது தெரிவித்தது. அதே வேளையில், உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது ஏறத்தாழ 20 மில்லிகிராமே. எனவே, தேநீரில் ஓரிரு மாத்திரை சேர்ப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. கருவுற்ற தாய்மாரும் சிறு பிள்ளைகளும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மறக்கக் கூடாத ஒன்று

இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை உண்போருக்கும் சில வேளைகளில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், தலை சுற்றும், பேச்சுத் தடுமாறும். மரத்தடியில் பால்வெட்டும் கத்தியுடன் நிற்பவர், வியர்வையை வேலைக் களைப்பு என்று எண்ணி ஏமாறக்கூடும்.

அவ்வேளையில் மாற்றுச் சீனி உயிர் காக்காது. நாக்கு இனிக்கும், இரத்தத்தில் ஒன்றும் ஏறாது. அப்பொழுது வேண்டியது உண்மைச் சீனியே. மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தேறாவிடின் மீண்டும் ஒரு முறை குடிக்க வேண்டும். தேறிய பின் ஏதேனும் உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. 999 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே, இத்தகைய மருந்து உண்போர் சமையலறையில் மாற்றையும், வேலைக்குப் போகும் பையில் சிறு பொட்டலம் உண்மைச் சீனியையும் வைத்திருத்தல் அவசியம். உடன் வேலை செய்பவருக்கும் அதைச் சொல்லிவைக்க வேண்டும். சீனியைப் பெருமளவு குறைக்கும்போது மருந்தின் அளவையும் மாற்ற நேரலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார். நாமாகவே மருந்தை நிறுத்துதல் தகாது.

நோயாளி ஒருவருக்கு மட்டும் தனிக் குவளை வைத்தால், மற்றவர் குவளையைப் பார்த்து அவர் மனம் ஏங்கும். வீடு முழுவதும் இனிப்பைக் குறைத்துக்கொண்டால் அவருக்குத் துணை கிடைக்கும். வளரும் பிள்ளைகளுக்கும் அதுவே காப்பாகும். நாளைக் காலைத் தேநீரிலிருந்தே இதனைத் தொடங்குவோம்.