ஓட்டைக் காலணாவும் ஒற்றை ரூபாயும்

புனே நகரின் கிழக்கே ஹடப்சர் இருக்கிறது. அதை ஒட்டியது மகர்பட்டா. ஒரு காலத்தில் அங்கே கரும்பும் காய்கறியும் விளைந்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் நூறுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. தங்கள் நிலங்களை விற்றுவிடாமல் 400 ஏக்கருக்கு மேல் ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாக இருந்து ஒரு நகரை எழுப்பினார்கள். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள், பள்ளிகள் எல்லாம் இருக்கின்றன.

இத்தனை வீடுகள் இருந்தால் இத்தனை ரிப்பேர்களும் இருக்கும். மேஜை ஆடும். டிராயர் உரசும். பொம்மையின் பேட்டரி மூடி திறக்காது. எல்லாவற்றுக்கும் ஆள் கூப்பிட முடியுமா? வீட்டுக்காரரே ஒரு டப்பாவில் சுத்தியலும் நாலு ஆணியும் போட்டு வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்குவார். அந்த நேரம் பார்த்துத் திருப்புளி காணாமல் போயிருக்கும். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஒரு ரூபாய் வெளியே வரும்.

மகர்பட்டாவில் மட்டும் இல்லை, மதுரையிலும் இதே கதைதான். காசு எப்போதும் கையில் இருக்கிறது. அது கெட்டியானது, வட்டமானது, தட்டையானது. அதனால் பல இடங்களில் அது கருவியாகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஆகாது. சில இடங்களில் அது வீட்டையே எரித்துவிடும். எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஆகும் இடங்கள். தலையில் ஒரே கோடாகப் பள்ளம் உள்ள அகலமான திருகைக் காசின் விளிம்பால் திருப்பலாம். பள்ளம் அகலமாக இருக்க வேண்டும், திருகு துருப்பிடித்து இறுகியிருக்கக் கூடாது. இறுகிய திருகில் காசை வைத்து முறுக்கினால் காசு வழுக்கும், பள்ளம் தேயும், விரலும் கிழியும். பிறகு சரியான திருப்புளி வந்தாலும் பிடிக்காது. கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ள திருகுக்குக் காசு உதவவே உதவாது.

டிராயர் செய்யும் தச்சருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி வேண்டும். கண்ணால் பார்த்து வைத்தால் கோணலாகும். ஒரே மாதிரியான இரண்டு காசுகளை இரண்டு பக்கமும் சொருகிவிட்டுத் திருகை முடுக்கினால் இடைவெளி ஒன்றுபோல அமையும். முடுக்கியதும் காசை எடுத்துவிடலாம். பலகையின் கூர்மையான மூலையை வளைவாக வெட்ட வேண்டுமா? மூலையில் காசை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டால் போதும். சி கிளாம்ப் போட்டு இறுக்கும்போது பிளைவுட்டில் வடு விழும். நடுவில் ஒரு காசை வைத்தால் அழுத்தம் பரவி, வடு குறையும்.

அளப்பதற்கும் காசு உதவும். 2019-ல் வந்த புது வரிசை ஒரு ரூபாயின் குறுக்களவு 20 மில்லிமீட்டர். அதாவது இரண்டு சென்டிமீட்டர். ஐந்து காசுகளை வரிசையாக ஒட்டி வைத்தால் சரியாகப் பத்து சென்டிமீட்டர். ஆனால் கவனம் வேண்டும். 1992-ல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011-ல் வந்தது ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். மூன்றும் ஒரு ரூபாய்தான். மூன்றையும் கலந்து வைத்து அளந்தால் அலமாரி கோணலாகும். காசின் மேல் உள்ள ஆண்டைப் படித்துப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும். அப்படியே ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சிறிய வைர வடிவக் குறி இருந்தால் அது மும்பை நாணயச் சாலையில் அடித்த காசு. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா.

எடைக்கும் காசைப் பயன்படுத்திய காலம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்து வெள்ளி ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நாட்டு வைத்தியர் 'ஒரு ரூபாய் எடை' என்று மருந்துச் சரக்குக்குச் சொல்வது அதனால்தான். இன்றைய ரூபாயை வைத்து அந்த மருந்தை நிறுக்கக் கூடாது. 2019 வரிசை ஒரு ரூபாயின் எடை மூன்று கிராமுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இனி வாஷருக்கு வருவோம். போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கும்போது நடுவே ஒரு வட்டத் தகடு போடுகிறோம். அதுதான் வாஷர். அது எதற்கு? நட்டின் முகம் சிறியது. அதை மரத்தின் மேல் நேராக இறுக்கினால் மரத்துக்குள் புதைந்துவிடும். நடுவே அகலமான தகடு இருந்தால் அழுத்தம் அகலமான இடத்தில் பரவும். மரம் நசுங்காது. பிடியும் தளராது. சேற்றில் பலகை போட்டு நடப்பது போலத்தான் இதுவும்.

நடுவில் துளை உள்ள வட்டத் தகடு என்றதும் பெரியவர்களுக்கு ஒரு காசு நினைவுக்கு வரும். அது ஓட்டைக் காலணா.

இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். பீரங்கிக் குண்டுக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் பித்தளை உறை தேவைப்பட்டது. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். புனேயில் உள்ள கட்கியில் 1869-லேயே தோட்டாத் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. கட்கியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் உலகம் முழுக்க இரவு பகலாக ஓடின. செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. காசு அடிப்பதற்கும் செம்பு வேண்டுமே! என்ன செய்வது?

அரசாங்கம் காசைச் சிறியதாக்கியது. அதோடு விடவில்லை, நடுவில் பெரிய துளையும் போட்டது. 1943-ல் இந்தக் காலணா வெளிவந்தது. முன்பிருந்த காலணா ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டைக் காலணா இரண்டே கிராம். ஒரு ரூபாய்க்கு 64 காலணா. நடுவில் ஓட்டை இருந்ததால் ராஜாவின் முகத்தைப் போட இடமில்லை. கிரீடம் மட்டும் இருந்தது. இந்தக் காசை 1947 வரை அடித்தார்கள்.

ஓட்டை இருந்தால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கயிற்றில் கோத்து வைத்தார்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டால் சிறு தூக்குக்குண்டு தயார். நட்டு போல்ட்டுக்கு நடுவே வாஷராகவும் போட்டார்கள். போர்க்காலத்தில் இரும்புச் சாமான் கிடைப்பது அரிது. கடை வாஷரைவிடக் காலணா மலிவாக இருந்தது என்று சொல்வார்கள். பழைய மரப்பெட்டிகளையோ வண்டிச் சாமான்களையோ பிரிக்கும்போது நட்டுக்கு அடியில் ஏதாவது வட்டமாகத் தெரிந்தால் தேய்த்துப் பார்ப்பது நல்லது. கிரீடம் தெரியலாம்.

ஆனால் வாஷராக அந்தக் காலணா அவ்வளவு உயர்ந்தது என்று சொல்ல முடியாது. அது வெண்கலம், போல்ட் இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். இங்கே அரிக்கப்படுவது இரும்புதான். வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் தொல்லை இல்லை. புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பால்கனியில், குளியலறையில் இப்படிப் போட்டால் காசு பளபளவென்று இருக்கும், போல்ட் துருப்பிடித்துப் போகும்.

சரி, இன்றைய காசில் துளை இல்லையே, நாமே துளை போட்டால் என்ன? போடக் கூடாது. இரண்டு காரணம்.

ஒன்று, சட்டம். சில்லறைக் காசை உருக்குவதையும் பதுக்குவதையும் தடுக்க 1971-லேயே ஒரு சட்டம் வந்தது. பிறகு பழைய சட்டங்களை எல்லாம் ஒன்று சேர்த்து 2011-ல் நாணயச் சட்டம் வந்தது. அதன்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். காசு கொடுக்கல் வாங்கலுக்குத்தான், வேறு எதற்கும் இல்லை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு திருகைத் திருப்பிவிட்டுக் காசைப் பையில் போட்டால் காசுக்கு ஒன்றும் ஆகாது. அது மறுபடி கடைக்குப் போகும். துளை போட்ட காசு போகாது. இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். ஆடும் மேஜைக் காலுக்குக் கூடக் காசைப் பசை போட்டு ஒட்டுவதைவிட ஒரு மரச் சில்லை ஆப்பாக வைப்பது மேல். ஒட்டாமல் வைத்தாலோ, வீட்டுப் பிள்ளை அதை எடுத்துப் போய் ஐஸ் வாங்கிவிடும்.

இப்படி ஒரு கண்டிப்பான சட்டம் எதற்கு? காசில் உள்ள உலோகத்தின் விலை காசின் விலையைவிட ஏறிவிட்டால் காசு சந்தையிலிருந்து மறைந்துவிடும். 2007-ல் ஒரு செய்தி வந்தது. நம் ஒரு ரூபாய்க் காசுகளை எல்லை தாண்டி வங்காளதேசத்துக்குக் கடத்துகிறார்கள், அங்கே சவர பிளேடு செய்கிறார்கள், ஒரு காசில் ஐந்தாறு பிளேடு வருகிறது என்று. அந்தச் சமயம் கொல்கத்தாவிலும் வடகிழக்கிலும் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு.

இரண்டாவது காரணம், காசின் உலோகம். 1992-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. நூற்றில் 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். காந்தத்தில் ஒட்டும். அதை வீட்டு டிரில்லால் துளைப்பது எளிதல்ல. டிரில்லின் முனை மழுங்கும். பாதித் துளையில் மாட்டிக்கொண்டு காசு சுழலும். கையால் பிடித்திருந்தால் விரல் போய்விடும். ஹடப்சர் கடைத்தெருவில் எந்த ஹார்டுவேர் கடையிலும் வாஷர் கிடைக்கும். தமிழிலும் மராத்தியிலும் அதற்குப் பெயர் வாஷர்தான். போல்ட்டின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால் 6 என்று கேட்டு வாங்க வேண்டும்.

குழாய் ஒழுகினால்? அங்கே காசு எதற்கும் உதவாது. குழாய்க்குள் இருக்கும் வாஷர் ரப்பர். அது நசுங்கிக்கொடுத்துத் தண்ணீரை அடைக்கிறது. உலோகம் நசுங்காது.

கடைசியாக, காசை வைக்கவே கூடாத இடம். அது ஃபியூஸ்.

அமெரிக்காவில் முன்பு வீடுகளில் பல்பு போலத் திருகி மாட்டும் ஃபியூஸ் இருந்தது. ஃபியூஸ் போய்விட்டால் சிலர் அதற்கு அடியில் ஒரு சென்ட் காசை வைத்துத் திருகிவிடுவார்கள். உடனே விளக்கு எரியும். வேலை முடிந்தது என்று தூங்கப் போவார்கள். இரவில் சுவருக்குள் இருக்கும் வயர் காய்ந்து தீப்பிடிக்கும். இப்படி எரிந்த வீடுகள் பல. நம் ஊரில் காசுக்குப் பதில் கட்டுக்கம்பி, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள், தடித்த வயர். பொருள்தான் வேறு, ஆபத்து ஒன்றேதான்.

ஏன் என்று பாருங்கள். வயர் வழியாக மின்சாரம் போகும்போது வயர் சூடாகும். மின்சாரம் கூடக்கூடச் சூடும் கூடும். ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் கிரைண்டரும் ஒன்றாக ஓடினால் சுவருக்குள் உள்ள வயர் தாங்காமல் காயும். அதன் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உருகும். அப்படி ஆகும் முன்பே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் ஃபியூஸ் கட்டையில் மிக மெல்லிய கம்பி கட்டுகிறார்கள். எல்லா வயருக்கும் முன்னால் அது உருகி அறுந்துவிடும். ஃபியூஸ் போனால் வீட்டில் இருப்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

காசோ உருகாது. அது தடியானது. அதற்கு முன்னால் வயர்தான் உருகும். ஒரு திருகைத் திருப்பும்போது காசு கெட்டியாக இருப்பது நல்லது. ஃபியூஸில் அந்தக் கெட்டித்தனமே கெடுதல். பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வும் இப்படித்தான். உள்ளே அளவுக்கு மேல் சூடும் அழுத்தமும் ஏறினால் அது உருகியோ திறந்தோ வழி விட வேண்டும். அங்கே வேறு எந்தத் தகட்டையும் வைத்து அடைக்கக் கூடாது.

மகர்பட்டாவின் புது வீடுகளில் ஃபியூஸ் கட்டை இருக்காது. எம்.சி.பி. என்ற சிறு சுவிட்ச் இருக்கும். மின்சாரம் அதிகமானால் அது தானாகக் கீழே விழும். ஒரு முறை தூக்கிவிடலாம். மறுபடி மறுபடி விழுந்தால் அதைக் கயிறு போட்டுக் கட்டியோ குச்சி வைத்து முட்டுக் கொடுத்தோ நிறுத்தப் பார்க்கக் கூடாது. எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

சுற்றியுள்ள பழைய வீடுகளிலும் பட்டறைகளிலும் பீங்கான் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. கட்டையின் மேல் எத்தனை ஆம்பியர் என்று எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் படித்து, அதே எண்ணுக்கான ஃபியூஸ் கம்பியைக் கடையில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்கலாம். இரண்டு மூன்று இழையாக முறுக்கிக் கட்டக் கூடாது, ஓர் இழைதான். கட்டையைக் கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். காலில் செருப்பு இருக்க வேண்டும். கையில் ஈரம் இருக்கக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரால் ஒரு முறை தொட்டுப் பார்த்து, விளக்கு எரியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கட்டையில் கை வைக்க வேண்டும்.