கொண்டை ஊசி வளைவில் ‘லோட்’ பட்டன் கிடையாது!

‘முடிச்ச கேமையே இன்னும் எத்தனை தடவைடா முடிப்பே?’ - கம்ப்யூட்டர் இருக்கிற வீடுகளில் அப்பாக்கள் கேட்கும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். கல்யாணமானவர்கள் வீட்டிலும் கேள்வி அதேதான். கேட்கிற குரல்தான் வேறு!

கேட்பது யார் என்று பாருங்கள். தெருக்கூத்தில் வருஷா வருஷம் தர்மர் சூதாடித் தோற்கிறார். போன வருஷமும் தோற்றார், வருகிற வருஷமும் தோற்பார். அது தெரிந்தே பாயும் போர்வையுமாகப் போய் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த பரம்பரை சார் நாம்! ஒரே ஒரு வித்தியாசம். கூத்தில் நாம் வேடிக்கை பார்க்கிற ஆள். ரோல் பிளேயிங் கேமில் தர்மரே நாம்தான். தோற்றுப்போனால் ‘லோட்’ பட்டனை அமுக்கி, சகுனி கூப்பிடுவதற்கு முந்தைய நிமிஷத்துக்குப் போய், ‘மாமா, இன்னிக்கு வயித்த வலி’ என்று நழுவி விடலாம்.

விளையாடாதவர்களுக்காக நாலு வரி. இந்த வகைக்கெல்லாம் தாய்வீடு, 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கம்ப்யூட்டர் கிடையாது. பேப்பர், பென்சில், பகடை மட்டும்தான். ‘நீ வீரன், நீ மந்திரவாதி, நீ திருடன்’ என்று வேஷம் பிரித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை வளர்ப்பார்கள். காரியம் பலித்ததா, இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பிற்பாடு அதே சமாச்சாரம் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. பகடை மட்டும் போகவில்லை.

இந்த ஞானமெல்லாம் எங்கள் செட்டுக்குள் பெரிய விவாதமாக வெடித்த இடம் ஏற்காடு. சேலத்தில் ஆபீஸ் எங்களுக்கு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்ததும் நான், எங்கள் செக்‌ஷன் சீனியர், புதுசாகச் சேர்ந்து மூன்று வருஷமான தம்பி ஒருவன் - மூவரும் மலையேறினோம். சேலம் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பகடைக்கும் இருபது முகம், மலைக்கும் இருபது வளைவு! தம்பி அதைச் சொன்னபோது சீனியர், “ரோட்டைப் பாரு” என்றார்.

நாங்கள் போன நேரம் மழை பிடித்துக்கொண்டது. படகு இல்லை, லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளை மூட்டம். லாட்ஜ் ரூமில் தட்டுவடை செட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தம்பி லேப்டாப்பைத் திறந்தான். சீனியரின் விசாரணை ஆரம்பமாயிற்று.

“இது எத்தனையாவது தடவை?”

“அஞ்சாவதுண்ணே.”

“கதை மாறிடுமா?”

மாறும்! கேம் பெயர் ‘பால்டர்ஸ் கேட் 3’. பெல்ஜியத்தின் லாரியன் கம்பெனி 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. முடிவுகள் மட்டுமே 17,000 விதம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஆனால், கதை மாறுவதைவிட ஆடுகிற ஆள் மாறுவதில்தான் ருசி. நான் பார்த்தவரை ஆடுகிறவர்கள் நாலு ரகம்.

முதல் ரகம், ‘மோதிப் பார்க்கும்’ ஆசாமி. பெரிய கத்தி, கனமான கவசம். கதவு பூட்டியிருந்தால் சாவி தேட மாட்டார், கதவையே பெயர்த்துவிடுவார். ஆபீஸில் இதே மனிதர் பேனா கேட்பதற்கே மூன்று தடவை இருமுவார்!

இரண்டாம் ரகம், பதுங்கும் வில்லாளி. 2011 நவம்பர் 11-ல் வெளியான ‘ஸ்கைரிம்’ ஆடியவர்களுக்கு இது பழைய ஜோக். இந்தத் தடவை மந்திரவாதியாகத்தான் ஆடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஆரம்பிப்பார்கள். பத்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கையில் வில்!

மூன்றாம் ரகம், வாயாடி. கத்தியே எடுக்காமல் பேசியே காரியம் சாதிப்பவர். இந்தியக் கம்பெனியான பைரோடாக்டில் 2014-ல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’ இவர்களுக்கென்றே செய்தது மாதிரி. பஞ்சம் பிடித்த ஒரு பழங்கால இந்திய ராஜ்யம். ஏழைப் பெண், இளவரசி என்று ஆள் மாறி மாறி ஆட வேண்டும். சண்டையைவிடப் பேச்சுதான் அதிகம்.

நாலாவது, வேண்டுமென்றே மக்காக ஆடுகிற புண்ணியவான். 1997-ல் வந்த ‘ஃபால்அவுட்’டில் அறிவு மார்க்கைத் தரைமட்டத்துக்குக் குறைத்துவிட்டால், உங்கள் ஆள் வாயிலிருந்து ‘ம்... ஆ... ஊ...’ மட்டும்தான் வரும். ஊரே பரிதாபப்படும். அதே ஊர், அதே ஜனங்கள், கதை மட்டும் தலைகீழ். (மீட்டிங்குகளில் இந்த முறையை வெற்றிகரமாகக் கையாளும் பலரை நான் அறிவேன்!)

“சரிப்பா, வில்லனா ஆடுறவன் எத்தனை பேரு?” என்றார் சீனியர்.

நல்ல கேள்வி. ‘அடுத்த தடவை அயோக்கியனா ஆடப் போறேன்’ என்று எல்லோருமே சொல்வோம். ‘மாஸ் எஃபெக்ட்’ கேமில் நல்லவன் வழி, முரடன் வழி என்று இரண்டு உண்டு. அதில் வேலை பார்த்த ஒருவர் 2020-ல் சொன்ன கணக்குப்படி, சுமார் 92 சதவீதம் பேர் நல்லவனாகத்தான் ஆடினார்களாம். முரடனுக்காக மாய்ந்து மாய்ந்து எழுதிய வசனமெல்லாம் வீண்! யாரும் பார்க்காத இடத்தில், போலீஸும் இல்லாத ஊரில், கற்பனைக் குழந்தையிடம் மிட்டாய் பிடுங்க மனுஷனுக்கு மனசு வரவில்லை. பேப்பரைப் பிரித்தால் வருகிற சோர்வுக்கு இது நல்ல மருந்து என்பேன்.

சீனியர் தட்டுவடையை மென்றபடி யோசித்தார். “நான் முப்பது வருஷமா இங்க வர்றேன். அதே வளைவு, அதே கடலை, அதே சேர்வராயன் கோயில். ஒருக்கா அடைப்புன்னு குப்பனூர் வழியா ஏறினேன் பாரு... காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் புதுசா நட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. கலெக்டர் காக்பர்ன் 1820 வாக்குல காப்பி கொண்டாந்த மலை இது. அன்னிக்குத்தான் நான் கண்ணால பாத்தேன். மலை அதேதான். ஏறுற வழி வேற.”

மறுபடி ஆடுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை!

அதற்கப்புறம்தான் சீனியர் கண்ணில் அது பட்டது. ஒவ்வொரு முறை பகடை உருட்டும் முன்பும் தம்பி ஒரு ‘சேவ்’ போட்டான். எண் சரியில்லையா, உடனே ‘லோட்’. மறுபடி உருட்டல். நல்ல எண் விழும்வரை இதே கதை. “அஞ்சு தடவையும் இப்படித்தானா?” என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

விஷயம் வெறும் கேம் இல்லை. பூனாவில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. சம்பளம் இங்கே வாங்குவதைப் போல் ஒன்றரை மடங்கு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே பையன். போவதா, இருப்பதா? மூன்று வாரமாக வரலாமென்று ஒரு மெயில், வர இயலாது என்று ஒரு மெயில் - இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு ஒன்றையும் அனுப்பாமல் இருந்தான்.

“போய் சரிப்படலைன்னா என்ன பண்றதுண்ணே? திரும்பி வந்தா இந்த வேலை இருக்காதே!”

சீனியர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. “லோட் பட்டன் இல்லாம ஆட முடியாதா இதை?” என்று மட்டும் கேட்டார்.

முடியும். 2023 நவம்பரில் லாரியன் சேர்த்த ‘ஹானர் மோட்’ என்று ஒன்று உண்டு. மொத்தமே ஒரு சேவ்தான். அதையும் கேமே தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகும். பின்னால் போக வழியில்லை.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தான். பதினொன்றரைக்கு ஒரு முக்கியமான இடம். பேசிச் சமாளிக்க வேண்டும். பகடை உருண்டது... ஒன்று! இந்த விளையாட்டில் ஒன்று விழுந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளனுக்கும் கதை கந்தல். தம்பியின் விரல் பழக்கதோஷத்தில் லோட் பட்டனுக்குப் போய், அங்கே வேலையில்லாமல் நின்றது.

“தாயம்டா!” என்று கத்தினார் சீனியர். “எங்க ஆட்டத்துல ஒண்ணு விழுந்தாத்தான் காயையே உள்ளே எறக்க முடியும்!”

பேச்சு பிசகியது. எதிரி சிரித்தான். சண்டை மூண்டது. தம்பியின் ஆட்கள் இரண்டு பேர் தரையில் சாய்ந்தார்கள். ஆனால், அதற்குப் பிறகு வந்த காட்சியை அவன் நாலு ஆட்டத்திலும் பார்த்ததே கிடையாது. எப்படிப் பார்த்திருப்பான்? சறுக்கிய இடத்திலெல்லாம்தான் அழித்து எழுதிவிட்டானே! தோற்றவர்களுக்கென்று கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து எழுதி வைத்த பாதி கேம் அவன் கண்ணில் படாமலே கிடந்திருக்கிறது.

இறங்கும்போது வண்டியில் யாரும் அந்த மெயிலைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கேன்டீனில் தம்பியே சொன்னான்: “வர்றேன்னு அனுப்பிட்டேண்ணே. அப்பாகிட்ட காலைலதான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், ‘போய்ட்டு வா, பட்டறை எங்கயும் ஓடிடாது’ன்னுட்டு ராவுற வேலையைப் பார்க்கப் போய்ட்டாரு.” சொல்லும்போது அவன் குரல் அவ்வளவு தெளிவாக இல்லை. பூனா அவனுக்குப் பிடிக்குமா, அப்பா எப்படிச் சமாளிப்பார்... பகடை இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

சீனியர் என்ன ஆனார் என்கிறீர்களா? “சும்மா பாக்கலாம்” என்று என்னிடம் ‘ஸ்கைரிம்’ போட்டுத் தரச் சொன்னார். கத்தி, கேடயம், நெஞ்சை நிமிர்த்திய மாவீரன் என்றுதான் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் சாயந்திரம் எட்டிப் பார்த்தேன்.

பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார். கையில் வில்!