பொருளுக்குப் பெயர் வைக்கத் தெரிந்தால் விலையும் தேடி வரும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் நம் பெரியவர்கள். பிள்ளைக்கு வாய் உண்டு. பித்தளைக் குத்துவிளக்குக்கு வாய் ஏது? அதற்காக நாம்தான் பேச வேண்டும். சந்தையில் கடை போட்டால் கூவி விற்கலாம். கைப்பேசி வழியாக ஏலத்தில் போட்டால் கூவ முடியாது. அங்கே நம் பொருளுக்கு வாயாக இருப்பது ஒரே ஒரு வரி. அதுதான் தலைப்பு.

குளுவாங் வட்டாரத் தோட்டங்களில், ரெங்கம் பக்கமானாலும் சரி, பாலோ, நியோர் பக்கமானாலும் சரி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்குக் குடிபோன குடும்பங்களும் பல. வீடு மாறும்போது என்ன நடக்கிறது? தாத்தா காலத்துத் தகரப்பெட்டி, பாட்டி புழங்கிய பித்தளைக் குடம், அம்மாவின் தையல் இயந்திரம், பழைய வானொலி எல்லாம் பழைய சாமான்காரரின் லோரியில் ஏறுகின்றன. நிறுத்துப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பொருளின் வயதுக்கும் வேலைப்பாட்டுக்கும் ஒரு காசு கிடையாது.

தோட்டத் தொழிலாளிக்கு இது பழகிப்போன கதைதான். பால் எடுத்தவர் நாம்; நிறுத்தவர் ஒருவர்; கணக்கில் எழுதியவர் ஒருவர்; விலை வைத்தவர் வேறொருவர். தன் கைப்பொருளுக்குத் தானே பெயர் சொல்லி, தானே விலை கேட்கும் வாய்ப்பு நம் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டாமா?

"அதையும் போட்டுப் பாத்தாச்சு அண்ணே, ஒருத்தனும் ஏன்னு கேக்கல" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. என்ன எழுதிப் போட்டீர்கள் என்று கேட்டால், "பழைய விளக்கு விற்பனைக்கு, ரொம்ப அழகா இருக்கும்னு போட்டேன்" என்பார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது!

பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் கடை கடையாக ஏறி இறங்குவதில்லை. தமக்கு வேண்டிய பொருளின் பெயரை இரண்டு மூன்று சொல்லில் தட்டுகிறார். அந்தச் சொற்கள் எந்தத் தலைப்பில் இருக்கின்றனவோ அவற்றை இயந்திரம் எடுத்து அவர் முன் வைக்கிறது. "ரொம்ப அழகு" என்று தட்டி யாரும் விளக்குத் தேடுவதில்லை. தேடாத சொல்லை எழுதினால் பொருள் இருட்டறையில் கிடக்கும். முடாவிலும் முகநூல் சந்தையிலும் ஏலம் இல்லை, பேரம்தான். ஆனாலும் தேடும் வழி ஒன்றே.

பெயர் முதலில், புகழ்ச்சி வேண்டாம்

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி எங்கும் கிடைக்கிறது. ஆனால் 1938ஆம் ஆண்டு முதல் குளுவாங் ரயில் நிலையத்தில் நடந்துவந்த சிற்றுண்டிக் கடைக் காப்பிக்கு 'குளுவாங் ரயில் காப்பி' என்று பெயர் நின்றுவிட்டது. பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். வெறும் 'நல்ல காப்பி' என்றிருந்தால் வருவார்களா?

ஆகவே தலைப்பில் முதல் சொல் பொருளின் பெயராக இருக்கட்டும். பிறகு செய்த நிறுவனம், மாதிரி எண், ஆண்டு, உலோகம், அளவு, எத்தனை, எந்த நிலையில் இருக்கிறது என்பவை வரட்டும். 'பழைய விளக்கு விற்பனைக்கு' என்பதைவிட, 'பித்தளைக் குத்துவிளக்கு, 3 அடி, ஐந்து முகம், ஒரு சோடி' என்பது எவ்வளவு பேசுகிறது பாருங்கள்! 'தையல் மெஷின்' என்று நிறுத்தாமல், 'சிங்கர் கால்மிதி தையல் இயந்திரம், இரும்புக் கால், ஓடும் நிலை' என்று எழுதலாம். சிங்கர் இயந்திரத்தின் மேல் ஒரு வரிசை எண் இருக்கும். அதைக் கொண்டு எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடிக்க முடியும். ஆண்டு தெரிந்தால் அதையும் சேருங்கள்.

ஈபே ஏலத்தில் ஒரு தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். இடைவெளியும் அதில் அடக்கம். இதில் ஆச்சரியக்குறியை வரிசையாக நிறுத்துவதும், 'பாருங்கள்', 'தவற விடாதீர்' என்று எழுதுவதும் நம் இடத்தை நாமே வீணாக்குவதாகும்.

ஓர் எழுத்து செய்த வேலை

எழுத்துப் பிழைதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 1852ஆம் ஆண்டு வடதுருவப் பயணம் ஒன்றுக்காக இங்கிலாந்தில் 'ஆல்சாப்' நிறுவனம் காய்ச்சிய பியர், திறக்கப்படாத ஒரு பாட்டிலில் இருந்தது. 2007ஆம் ஆண்டு அதை ஒருவர் ஈபேயில் ஏலம் போட்டார். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு இரண்டு 'பி' எழுத்து வேண்டும். அவர் ஒன்றுதான் போட்டார். சரியான பெயரைத் தட்டித் தேடியவர்களின் கண்ணில் அது படவில்லை. 304 டாலருக்குப் போய்விட்டது. வாங்கியவர் விவரம் தெரிந்தவர். எழுத்தைத் திருத்தி மறுபடியும் ஏலம் போட்டார். கேள்வி ஐந்து இலட்சம் டாலரையும் தாண்டியது! கடைசியில் கேட்டவர் பணம் கட்டவில்லை, விற்பனை முடியவில்லை என்பது வேறு கதை. ஆனால் முதல் தடவை எட்டிப்பார்க்காத கூட்டத்தைத் திரட்டியதில் அந்த ஓர் எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நமக்குச் சந்தேகம் வந்தால் வெட்கப்பட வேண்டாம். பொருளின் மேலேயே பெயர் பொறித்திருந்தால் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டிச் சரிபார்க்கலாமே.

வாங்குபவர் மொழியில் சொல்லுங்கள்

நாம் ஏலம் என்கிறோம். மலாய்க்காரர் லெலோங் என்கிறார். இரண்டுமே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை என்பார்கள். அதுபோல ஒரே பொருளுக்கு வீட்டுக்கு வீடு பெயர் மாறும். நமக்குப் பித்தளை விளக்கு. ஆங்கிலத்தில் தேடுபவருக்குப் 'பிராஸ் ஆயில் லேம்ப்'. மலாயில் தேடுபவருக்குப் 'பெலித்தா தெம்பாகா'. யார் வாங்குவார் என்று யோசித்து, அவர் சொல்லும் பெயரை அவர் எழுத்திலேயே முன்னால் வையுங்கள். முறுக்கு, அதிரசம் விற்பவர் தமிழ்ப்பெயரை விட வேண்டியதில்லை. பழைய நாணயம் விற்பவருக்கு ஆங்கிலம் அவசியம்.

ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு சில வீடுகளில் இன்னும் இருக்கும். 'பழைய நோட்டு' என்றால் யாருக்கும் புரியாது. '10 டாலர், மலாயா, ஜப்பானிய ஆட்சி, 1942–1945' என்று போட வேண்டும். அதில் அச்சிட்ட 'எம்' என்ற எழுத்து மலாயாவைக் குறிக்கும். மடிப்பு, கிழிசல் உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நோட்டு நிறையவே புழக்கத்தில் கிடைப்பதால், சாதாரணத் தாளுக்கு ஆயிரக்கணக்கில் கனவு காண வேண்டாம்.

பொய் மட்டும் வேண்டாம்

வாங்க ஆள் வர வேண்டுமென்று, யாரோ செய்த இயந்திரத்துக்குச் சிங்கர் என்று பெயர் வைப்பதும், சொந்தமாக அரைத்த காப்பித் தூளுக்கு இன்னொருவரின் முத்திரைப் பெயரைப் போடுவதும் ஆபத்து. மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி, வியாபாரத்தில் பொய் விவரம் கொடுக்கும் தனி ஆளுக்கு முதல் குற்றத்திற்கே ஒரு இலட்சம் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். 'குளுவாங்கில் அரைத்த காப்பித் தூள்' என்று உள்ளதைச் சொன்னால் எந்த வம்பும் இல்லை.

உடைந்த பொருளை உடைந்தது என்றே எழுதுங்கள். ஈபே தொடங்கிய 1995ஆம் ஆண்டில் அங்கே முதலில் விலைபோனதாகச் சொல்லப்படும் பொருள், வேலை செய்யாத ஓர் ஒளிக்காட்டிக் குச்சி! அது பழுதானது என்று தெரிந்தே ஒருவர் 14 டாலர் 83 காசுக்கு வாங்கினார். உடைந்ததையே சேர்ப்பவராம் அவர். உலகத்தில் எதற்கும் ஓர் ஆள் இருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த ஆள் வந்து சேருவார்.

செய்து பாருங்கள்

விற்குமுன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பொருளை நீங்களே வாங்குபவராக நினைத்து, அதைத் தேட என்ன சொற்களைத் தட்டுவீர்கள் என்று தாளில் எழுதுங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பார்க்க வழி இருக்கிறது. அதே மாதிரிப் பொருள் எந்தத் தலைப்பில், என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் தலைப்பை எழுதி, வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பொருளைப் பார்க்காமலேயே அவர் அது என்னவென்று சொல்லிவிட்டால் தலைப்புத் தேறிவிட்டது.

தாய்மார்களே, தோழர்களே! லோரி வந்து நிற்கும்போது அவசரப்படாதீர்கள். பாட்டியின் குடத்தைத் தராசில் வைக்குமுன், அதற்கு ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். எடைக்குப் போடுவதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். போட்டபின் திரும்ப வாங்க முடியாது.